படியேறிப் போன குடைக்காரி

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கொலைப் படம், மர்மப் படம், நிழலும் வெளிச்சமுமாக எடுத்த படம் என்று ஆரம்பித்தால் எல்லாரும் அதே நாலைந்து பெயர்களைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல வரும் படத்தை ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. மதுரையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லையாம். மெட்ராஸில் பெஞ்சை உடைத்தார்களாம். ஒரு பிரதிகூட இப்போது மிச்சமில்லை என்கிறார்கள். ஆனால் ஆயுசில் நான் பார்த்த படங்களிலேயே என்னை வாயடைக்க வைத்தது அது ஒன்றுதான். நான் லேசில் வாயடைத்துப் போகிற ஆளில்லை. என் வீட்டுக்காரர் இருந்தால் அவரே சாட்சி சொல்லுவார்.

படத்தின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டுக்கு மேலே, மலைச்சரிவில் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இரண்டு வீடுகள். கீழே இருப்பதில் நாங்கள் குடியிருந்தோம். மேலே இருப்பதை எல்லாரும் பங்களா என்பார்கள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. இரண்டுக்கும் நடுவே பாசி பிடித்த கல்படிகள் வளைந்து போகும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் போலீஸ். புளியறை செக்போஸ்டில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். ஆக அந்த வீட்டில் எப்போதும் இருந்தது மூன்று பேர்: மாமா, நான், மதினி.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். நான் வந்தபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது, கொட்டகைக்குப் போகக்கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் அவளை அங்கே இருக்க விட்டதே பெரிய காரியம். அவளைப் புருஷன் வீட்டாரிடம் அனுப்பிவிட வேண்டும் என்று இலஞ்சியிலிருந்து மாமாவின் பெரியப்பா மகன் வாரம் தவறாமல் வந்து சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வீடோ கரிசல் காட்டு ஊரில் இருந்தது. அங்கே போனால் சாகும்வரை மாடும் சாணியும் நாத்தனார்களின் ஏச்சும்தான். மாமா ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"என் மவ என் வீட்டுல ஒழுங்கா இருக்கா அண்ணாச்சி. எவனாவது அவளப் பத்தி ஒரு சொல்லு சொல்லட்டும், அன்னைக்கே நானே கொண்டு விட்டுட்டு வாரேன்."

சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷர். அந்த ஒரு சொல் வராமல் இருக்கும்வரைதான் மதினிக்கு அந்த வீடு.

அந்த வருஷம் சாரல் தொடங்கியதும் மேல் பங்களாவுக்கு சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு சினிமா என்றாலே ஆகாது. ஆனால் இது போலீஸ் கதை என்று சொல்லிவிட்டார்கள். மகன் போலீஸ் என்பதால் போலீஸ் சம்பந்தப்பட்ட எல்லாமே கௌரவமானது என்று அவருக்கு ஒரு நினைப்பு. சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் இருந்த நாளெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நானும் மதினியும் பார்த்தோம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் படி முழுக்கத் தெரியும். அவர்கள் செய்ததெல்லாம் எனக்கு விசித்திரமாக இருந்தது. நாள் பூராவும் சாரல் விழுகிற குற்றாலத்தில், வாளி வாளியாகக் கொண்டுவந்து படிக்குத் தண்ணீர் தெளித்தார்கள். கல் மினுங்க வேண்டுமாம். விளக்குப் போடுவதற்கு இரண்டு ஆள் என்றால், அந்த விளக்கைக் கறுப்புத் துணியாலும் பலகையாலும் மறைப்பதற்கு ஆறேழு ஆள் நின்றார்கள். வெளிச்சத்தை இத்தனை சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. பாளையங்கோட்டையில் நான் பார்த்த படங்களிலெல்லாம் ராஜா அரண்மனையும் திருடன் குகையும் ஒரே மாதிரி பளீரென்று இருக்கும்.

டைரக்டர் கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு குட்டை ஆள். சத்தமே போடமாட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு காட்சி: ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு அந்தப் படியில் ஏறி பங்களாவுக்குள் போக வேண்டும். பின்னாலிருந்து எடுப்பார்கள், முகம் தெரியாது. ஏறுகிறவள் கீழே பார்க்கக்கூடாது, தயங்கக்கூடாது. கதாநாயகி மெட்ராஸ்காரி. முதல் தடவை வழுக்கினாள். இரண்டாம் தடவை குடையோடு உட்கார்ந்தே விட்டாள். மூன்றாம் தடவை கால் பிசகி, அவளைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அப்புறம் உதவியாளன் ஒருத்தனுக்குச் சேலை கட்டி ஏறச் சொன்னார்கள். அவன் விழுந்த அழகைப் பார்த்து நானும் மதினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பாசிப் படியில் நடப்பதற்கென்று ஒரு நடை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது நடக்கப் பழகும்போதே வந்துவிடும். குதிகாலை வைக்கக்கூடாது. கால் விரல்களால் கல்லைப் பிடித்து, இடுப்பை அசைக்காமல், முன் பாரமாக ஏற வேண்டும். எனக்கே அது சரியாக வர ஒரு சீசன் பிடித்தது.

சாயங்காலம் நெருங்கியது. மறுநாள் அவர்கள் கிளம்ப வேண்டும். டைரக்டர் படியிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். நனைகிறோம் என்கிற நினைவுகூட இல்லை அவருக்கு. மாமா கோர்ட்டு விஷயமாகத் தென்காசிக்குப் போயிருந்தார்.

"ஏட்டி, குடையப் பிடிச்சிக்கிட்டு மேல ஏறணும். அம்புட்டுதானே?" என்றாள் மதினி.

"மதினி!"

"தெனமும் ஏறுதேன். வாடகைக்காரங்களுக்குப் பால் கொண்டு போகயில ஏறுதேன், சாவி வாங்கப் போகயில ஏறுதேன். இன்னைக்கு ஏறுனா என்ன? மொகம் தெரியாதுன்னுதானே சொல்லுதாங்க."

அவள் குரலில் விளையாட்டு இல்லை. நான்தான் போய் டைரக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, கால் பிசகிக் கிடந்த கதாநாயகியிடம் சேலை வாங்கிவந்தேன். அரக்கு நிறம். படத்தில் அது நல்ல கறுப்பாக விழும் என்று சொன்னார்கள். மதினி அதை மளமளவென்று உடுத்தினாள். ஆனால் கொண்டையில் வைக்க என்று ஒரு முழம் பிச்சிப்பூவும் கொடுத்துவிட்டிருந்தார்கள்; கறுப்பில் ஒரு வெள்ளை வேண்டுமாம். பூவைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "நீயே வையி" என்று சொல்லித் திரும்பி நின்றாள். வைத்தேன்.

ஏறினாள். ஒரே தடவைதான். விரல்களால் கல்லைப் பிடித்து, குடை ஆடாமல், கீழே பார்க்காமல் ஏறினாள். படி வளைகிற இடத்தில் பெரணிச் செடிக்குள் மறைந்து ஒரு கல் உண்டு. மாமாவின் முன்னோர் யாரோ மஞ்சள் பூசி வைத்தது. எங்கள் வீட்டார் யாரும் அதைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று, வலது கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தாமல் போகமாட்டோம். பழக்கம், யாரும் நினைத்துச் செய்வதில்லை. மதினியும் நின்றாள், கையை நெஞ்சில் வைத்தாள், தலையைத் தாழ்த்தினாள், ஏறிப் போய்விட்டாள். கேமராவுக்கு அந்தக் கல் தெரியாது. டைரக்டர் எழுந்து நின்று அவள் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாமா வரும்போது மதினி குளித்துவிட்டு வெள்ளைச் சேலையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

மறு வருஷம் படம் தென்காசிக்கு வந்தது. "நம்ம வீடு வருதாம்லே, பாத்துட்டு வருவோம்" என்று மாமாவே கிளம்பிவிட்டார். விடுப்பில் வந்திருந்த என் வீட்டுக்காரரும் கூட வந்தார். மதினி வீட்டில் இருந்துவிட்டாள். கிளம்பும்போது என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கதை இதுதான். எஸ்டேட் முதலாளி ஒருவர் மலை பங்களாவில் சுடப்பட்டுக் கிடக்கிறார். அவருடைய இளம் மனைவி, டாக்டர், கார் டிரைவர் என்று மூன்று பேர். அன்று நடந்ததை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் அதே காட்சி வருகிறது: மழை, மினுங்குகிற படி, ஒரே ஒரு விளக்கு, கறுப்புச் சேலையில் குடை பிடித்து ஏறிப் போகிற மனைவி.

முதலில் மனைவி சொல்லும்போது அவள் ஏறுகிறாள். நோயாளிப் புருஷனைப் பார்க்கத் தவித்துப் போகிறவள் மாதிரி இருந்தது. அந்தத் திருப்பத்தில் அவள் நெஞ்சில் கை வைத்தபோது கொட்டகையில் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாவதாக டாக்டர் சொல்லும்போது அதே பெண், அதே படி. இப்போது அவள் கொல்லப் போகிறாள். நெஞ்சில் வைத்த கை துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிற கையாகிவிட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. மூன்றாவதாக டிரைவர் சொல்லும்போது எல்லாம் முடிந்தபின் வந்து சேர்கிறாள். ஒன்றும் தெரியாமல் ஏறுகிறாள், போகாதே என்று எழுந்து கத்தலாம் போல இருந்தது. ஒரு அடிகூட மாறவில்லை. ஒரே தடவை ஏறினாள், நான் பார்த்தேனே! ஒரே முதுகைக் காட்டி மூன்று பெண்களை உண்டாக்கியிருந்தான் அந்த மப்ளர்க்காரன். இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அரக்கு நிறம் சொன்னபடியே கறுப்பாக விழுந்திருந்தது. பிச்சிப்பூ மட்டும் விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. நான் வைத்த பூ.

முதல் தடவை அவள் வருவதற்குமுன் மாமா உற்சாகமாக இருந்தார். "அந்தா பாரு நம்ம மாமரம், அந்தா நம்ம தூம்பு" என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் திருப்பத்தில் நின்று தலையைத் தாழ்த்தியதும் நீட்டிய விரல் மடங்கியது. அதன்பிறகு மாமரம் திரும்ப வந்தபோதும் அந்த விரல் எழவில்லை. என் வீட்டுக்காரரோ டாக்டர்தான் கொலைகாரன், நான் அப்பவே கண்டுபிடித்துவிட்டேன் என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தார். கூடப்பிறந்த அக்காவை மூன்று தடவை காட்டியும் தெரியாத போலீஸ்!

வேறு ஊர்களில் படுத்துவிட்ட படம் தென்காசியில் மட்டும் இரண்டாம் வாரமும் ஓடியது. அதற்குக் காரணம் தென்காசிக்காரர்கள் செய்த தப்பு. மெட்ராஸிலும் மதுரையிலும் அந்த முதுகைக் கதாநாயகியின் முதுகு என்று பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். இங்கே ஒரு பயலும் ஒப்புக்கொள்ளவில்லை. பாசிப் படியில் விரல் ஊன்றி நடக்கத் தெரிந்தவள் பட்டணத்துக்காரியாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் படியேறியது மனைவி இல்லை, உள்ளூர்க்காரி வேறொருத்தி, அவள்தான் கொலைகாரி! கடைசி ரீலில் அவள் யாரென்று சொல்லாமலேயே படத்தை முடித்து ஏமாற்றிவிட்டான் என்று டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சண்டை. இன்னொரு தடவை பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கும் மதினிக்கும் சோறு இறங்கவில்லை. ஊரே சேர்ந்து ஒரு உள்ளூர்க்காரியைத் தேடுகிறது. படம் எடுத்தது எங்கள் வீட்டில். அந்த வீட்டில் இருப்பது இரண்டே பெண்கள். அதில் எனக்கு அந்த உயரம் கிடையாது.

எதிர்பார்த்தபடியே இலஞ்சிப் பெரிய மாமா வந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றேன். மதினி அடுப்படியில் இருந்தாள்.

"ஏலே, படம் பாத்தேன்," என்றார் அவர். "அந்தக் குடைக்காரி யாரு? அது மெட்ராஸ்காரி நடை இல்லலே. நம்மூருக்காரி நடை. ஒன் வீட்டுலதானே எடுத்தான். ஒனக்குத் தெரியாம எவ ஏறியிருப்பா?"

சொல்லும்போதே அவர் கண் அடுப்படிப் பக்கம் போனது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மாமா காப்பியை எடுத்து ஆற்றினார். பொய் சொல்லி நான் கேட்டிராத மனுஷர். வாடகைக்கு வருகிறவர்களிடம்கூட, கூரை ஒழுகும் என்று தானே முந்திக்கொண்டு சொல்லுகிற ஆள். அவ்வளவுதான், நாளைக் காலையில் மதினியின் பெட்டி பஸ் ஏறிவிடும் என்று நினைத்தேன்.

"அது மெட்ராஸ்காரிதான் அண்ணாச்சி," என்றார் மாமா. "வழுக்குது வழுக்குதுன்னு அழுதா. பாவமா இருந்துச்சி. நாந்தான் கூட நின்னு, வெரல ஊணி நடம்மான்னு சொல்லிக் குடுத்தேன்."

"நீயா? நடிகைக்கா?"

"ஆமா. சாயங்காலம் சாயங்காலம் பழக்கி விட்டேன். அந்தக் கல்லையும் காட்டி, கும்புட்டுட்டுப் போன்னும் சொன்னேன். நல்ல புள்ள, சொன்னபடி செஞ்சா."

பெரிய மாமா அப்படியே அவரைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார், காப்பி சிந்துகிற அளவுக்கு. "அடப்பாவி! கெட்ட கேட்டுக்கு இந்த வயசுல நடிகைக்கு நடை பழக்கியிருக்கியேலே!" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அதைத் தென்காசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அவசரம் அவருக்கு.

இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மாமா சந்தைக்குப் போனால், "அண்ணாச்சி, எங்களுக்கும் நடை சொல்லிக் குடுங்க" என்று பயல்கள் இடுப்பை ஒடித்து நடந்து காட்டினார்கள். கோயிலில் பிரசாதம் வாங்கும்போதுகூட யாராவது கமுக்கமாகச் சிரிப்பார்கள். நிமிர்ந்தே நடந்த மனுஷர், தன் பேரை அவ்வளவு பெரிதாக நினைத்தவர், அத்தனையையும் வாங்கிக்கொண்டார். சாகும்வரை அந்தக் கேலி அவரை விடவில்லை. அவரும் கடைசிவரை மறுக்கவில்லை. மதினியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் எழவில்லை. நான் அந்த மாமாவைப் பார்த்து அசந்துபோனேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்குப் பயந்துதான் இருந்தேன். அன்றிலிருந்து அவர்மேல் பிரியம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இலையைப் பார்த்தபடியே மதினியிடம் சொன்னார்.

"படத்துல நம்ம வீடு நல்லா விழுந்திருக்கு. நாளையோட படத்தத் தூக்குதானாம். நீயும் போயி ஒருக்கா பாத்துட்டு வா."

மதினி பரிமாறிய கையோடு நின்றாள். "நானாப்பா? கொட்டகைக்கா?"

"வீட்டத்தானே பாக்கப் போற. சின்னவளக் கூட்டிட்டுப் போ."

போனோம். வெள்ளைச் சேலையில் ஒருத்தி கொட்டகைக்குள் நுழைவதைப் பார்த்துப் பெண்கள் பெஞ்சில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நான் முறைத்த முறையில் திரும்பிக்கொண்டார்கள். முதல் தடவை குடை தெரிந்ததும் மதினி என் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண், "எவளோ தெரியல, எம்புட்டு லெச்சணமா நடக்கா!" என்றாள். அவள் சொன்ன ஆள் அவளுக்கு முன்னால் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது தடவை திரையில் அவள் ஏறிப் போனபோது மதினி என் காதருகே வந்து, "ஏட்டி, பின்னால இருந்து பாத்தா நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டாள். ஆமாம் மதினி, என்றேன். அவள் அதற்குப் பிறகு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பியபோது மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"வீடு எப்படி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிப்பா."

மதினி உள்ளே போகக் காலை எடுத்து வைத்தாள். மாமா எங்களைப் பார்க்காமல் மேலே அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"படத்துல எல்லாமே கறுப்பாத்தான் தெரியுது. அந்தச் சேல என்ன கலரு?"

மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரக்குப்பா."

மாமா தலையை ஆட்டினார்.

"ம். சின்னப்புள்ளையிலயே ஒனக்கு அரக்குதான் எடுப்பா இருக்கும்."